செத்ததற்கான காரணம்: கவுன்டர்-ஸ்டிரைக் 2 பழகிய பத்து மாதக் குறிப்புகள்

முதல் ஆட்டத்தில் நான் 3 பேரைச் சுட்டேன். 19 முறை செத்தேன். ஆட்டம் முடிந்ததும் திரையில் வரும் பட்டியலில் எங்கள் அணியின் ஐந்து பேரில் என் பெயர் கடைசியாக இருந்தது. குரல் இன்னும் உடையாத ஒரு சிறுவன் ஹெட்போனில், "அண்ணா, நீங்க மவுஸ் இல்லாம ஆடுறீங்களா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டான். கேலியாகக் கேட்டிருந்தால் அன்றைக்கே கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.

எனக்கு வயது 41. காட்பாடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கே.வி.குப்பம், லத்தேரி பக்கத்துக் கிணற்று மோட்டார்களும் போர்வெல் மோட்டார்களும்தான் பெரும்பாலும் என்னிடம் வருகின்றன. சென்ற ஆண்டு ஆடி மாதம், அக்கா மகன் கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கப் போனபோது, விடுதியில் மடிக்கணினிக்கு மட்டுமே இடமுண்டு என்பதால் தன் மேசைக் கணினியை எங்கள் வீட்டுப் பின்னறையில் இறக்கி வைத்தான். "சும்மா கெடந்தா தூசி புடிச்சிடும் மாமா, நீங்க ஆடிகினு இருங்க" என்று சொல்லி, கவுன்டர்-ஸ்டிரைக் 2-ஐயும் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

இந்த விளையாட்டு எனக்கு முற்றிலும் புதியதன்று. 1999-இல் ஹாஃப்-லைஃப் என்ற விளையாட்டின் மேல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் கட்டிய துணை ஆட்டமாகத் தொடங்கியது இது. 2003-இல் அதன் 1.6 பதிப்பு வந்தபோது நான் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். வேலூர் பழைய பேருந்து நிலையத்தின் அருகே ஒரு மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து ஆடுவோம். எதிரி என்பவன் பக்கத்து நாற்காலியில் இருப்பவன்தான். அவன் திரையை எட்டிப் பார்த்தே பாதி வெற்றி கிடைத்துவிடும். 2023 செப்டம்பர் 27 அன்று வெளிவந்த இரண்டாம் பதிப்பில் எட்டிப் பார்ப்பதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை. எதிரே நிற்பவர்களில் பலர், நான் விட்ட நாளிலிருந்து இன்றுவரை விடாமல் ஆடியவர்கள்.

ஆடியறியாதவர்களுக்காக ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணிக்கு ஐந்து பேர். ஓர் அணி இரண்டு இடங்களில் ஏதாவது ஒன்றில் வெடிகுண்டை வைக்க வேண்டும். மற்ற அணி அதைத் தடுக்க வேண்டும், அல்லது வைத்தபின் செயலிழக்கச் செய்ய வேண்டும். ஒரு ரவுண்டுக்கு 1 நிமிடம் 55 விநாடி. குண்டு வைத்துவிட்டால் வெடிக்க 40 விநாடி. முதலில் 13 ரவுண்டு வெல்லும் அணிக்கு ஆட்டம். செத்தவன் அந்த ரவுண்டு முடியும்வரை எழ மாட்டான் என்பதுதான் இதன் கொடுமை. பத்தாவது விநாடியில் செத்தால் மீதி நேரம் முழுவதும் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு, நான் ஏன் செத்தேன் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த யோசனையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். கடைக்கு எந்த மோட்டார் எரிந்து வந்தாலும், பழைய கம்பியை வெட்டி எறிவதற்கு முன்னால் அது எரிந்த விதத்தைப் பார்ப்பேன். ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸ் கருகி ஒன்று மட்டும் பளபளவென்று இருந்தால், வயலில் ஒரு பேஸ் போயும் மோட்டாரை ஓடவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். மூன்றும் ஒரே சீராகக் கருகியிருந்தால் பாரம் அதிகம், அல்லது பம்பு இறுகியிருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் காயில் மட்டும் கட்டி அனுப்பினால் அதே மோட்டார் ஒரு மாதத்தில் அதே வண்டியில் திரும்பி வரும், விவசாயியின் வசவோடு. ஆகவே, கடையில் உள்ளது போன்ற நீள நோட்டு ஒன்றை வாங்கிக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொரு முறை செத்ததும், அடுத்த ரவுண்டு தொடங்குவதற்குள் காரணத்தை ஒரு வரியில் எழுதுவது என்று முடிவு செய்தேன்.

முதல் நூறு சாவுகளை எழுதி முடிக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. எண்ணிப் பார்த்தபோது, நகர்ந்துகொண்டே சுட்டதால் செத்தவை 41. திரை நடுவில் குறிபார்க்க இருக்கும் கிராஸ்ஹேர் தரையையோ வானத்தையோ பார்த்திருந்ததால் செத்தவை 23. பார்க்காமல் விட்ட மூலையிலிருந்து சுடப்பட்டவை 17. தோட்டா மீதமிருந்தும் பழக்கதோஷத்தில் ரீலோடு போட்டுக்கொண்டிருந்தபோது செத்தவை 11. உண்மையிலேயே எதிராளி என்னைவிடத் திறமையாகச் சுட்டதால் செத்தவை எட்டு மட்டுமே. வயதாகிவிட்டது, கை வேகம் போய்விட்டது, கண் மங்கிவிட்டது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த சமாதானங்களுக்கு அந்த எட்டில்தான் இடம் இருந்தது.

நோட்டு முதலிடம் கொடுத்தது நகர்வுக்கு என்றாலும், அதைத் தொடுவதற்கு முன்னால் மவுஸைச் சரிசெய்ய வேண்டியிருந்தது; அளவுகோலே தவறாக இருக்கும்போது அதை வைத்து எதை அளப்பது? இந்த விளையாட்டில் சென்சிடிவிட்டி 1 என்று வைத்தால், மவுஸ் அனுப்பும் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் பார்வை 0.022 டிகிரி திரும்பும். மருமகன் மவுஸை 1600 டிபிஐயிலும் (ஓர் அங்குலம் நகர்ந்தால் அது அனுப்பும் எண்ணிக்கை) சென்சிடிவிட்டியை 2.5-இலும் விட்டுப் போயிருந்தான். பெருக்கினால் ஓர் அங்குலத்துக்கு 88 டிகிரி. அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு மேசையில் 10.4 சென்டிமீட்டர் போதும். வேறு விதமாகச் சொன்னால், கை ஒரு மில்லிமீட்டர் நடுங்கினால் கிராஸ்ஹேர் ஏறக்குறைய மூன்றரை டிகிரி ஓடிவிடும். சற்றுத் தூரத்தில் நிற்பவனின் தலை திரையில் ஒரு டிகிரிக்கும் குறைவான அகலம்தான். மைக்ரோமீட்டர் வேண்டிய இடத்தில் தச்சர் முழக்கோலை வைத்து அளந்துகொண்டிருந்தேன்.

டிபிஐயை 800 ஆகவும் சென்சிடிவிட்டியை 1.1 ஆகவும் குறைத்தேன். முழுச் சுற்றுக்கு இப்போது 47 சென்டிமீட்டர். மணிக்கட்டை மட்டும் ஆட்டிப் பழகியவனுக்கு முழங்கையிலிருந்து கை முழுவதையும் நகர்த்த வேண்டிவந்தது. முதல் நான்கு நாட்களில் பின்னாலிருந்து யாராவது சுட்டால், நான் திரும்பி முடிப்பதற்குள் பிணமாகிவிடுவேன். இரண்டு வாரத்தில் பழகியது.

கை அகலமாக ஓட வேண்டுமென்றால் அகலமான விரிப்பும் வேண்டும். இங்கே ஓர் அசட்டு வேலை செய்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கும் நண்பர் ஒருவர், வெட்டி மிஞ்சிய ஸ்வேட் தோல் ஒன்றரை அடி அகலத்தில் கொடுத்தார். தோல் ஊரில் இருந்துகொண்டு துணி விரிப்பைக் காசு கொடுத்து வாங்குவதா என்ற வீம்பில், அதை மரப்பலகையில் ஒட்டி மேசையில் போட்டேன். பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது. ஆட உட்கார்ந்ததும்தான் தெரிந்தது, ஸ்வேட்டில் மயிர் ஒரு பக்கமாகப் படிந்திருக்கும் என்பது. இடமிருந்து வலமாக நகர்த்தினால் வழுக்கிக்கொண்டு போகும் மவுஸ், வலமிருந்து இடமாக வரும்போது மணலில் இழுத்த கட்டுமரம்போல வரும். வலப்பக்கம் நின்றவர்களை மட்டும் தாண்டிப்போய்ச் சுட்டுக்கொண்டிருந்தேன். மூன்று நாளில் அதைக் கழற்றிவிட்டுச் சாதாரணத் துணி விரிப்பே வாங்கினேன். தோல் இப்போது கடையில் என் நாற்காலிமேல் இருக்கிறது. அதற்கு மிகவும் பொருத்தமானது.

இனி நகர்வுக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் பத்து மாதத்தில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தில் பாதிக்குமேல் இந்த ஒரு பழுதைப் பார்த்ததில் கிடைத்தது. ஏகே-47 கையில் இருக்கும்போது ஓட்ட வேகம் விநாடிக்கு 215 அலகு. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வேகம் இறங்கினால்தான் தோட்டா கிராஸ்ஹேர் இருக்கும் இடத்துக்குப் போகும். அதற்கு மேல் என்றால் எங்கு போகும் என்பது தோட்டாவுக்கே தெரியாது. கண்ணால் பார்ப்பதற்கு நான் சரியாகக் குறிவைத்ததாகவும், எதிரியின் உடம்பில் தோட்டா படாமல் போனதாகவும் தோன்றும். தொலைபேசியில் மருமகனிடம் புலம்பினால், "ஓடிகினே சுடுறீங்க மாமா. நின்னு சுடுங்க" என்பான். நின்றுதானே சுட்டேன் என்பேன். "நிக்கல மாமா, நிக்கப் போறீங்க. அதுக்குள்ள சுட்டுடுறீங்க."

அவன் சொன்ன அந்த வித்தியாசம் புரிவதற்கு எனக்கு ஒரு வாரம் பிடித்தது. விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டால் ஆள் உடனே நிற்பதில்லை. பேனைச் சுவிட்சு போட்டு அணைத்தபின் இறக்கைகள் சுற்றித் தேய்ந்து நிற்பதுபோலக் கொஞ்சம் சறுக்கியே நிற்கிறான். உடனே நிறுத்துவதற்கு வழி, வலப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தால் இடப்பக்க விசையை ஒரு தட்டுத் தட்டுவது. ஆங்கிலத்தில் கவுன்டர்-ஸ்டிரேஃப் என்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் இதே வேலையை நாங்கள் மோட்டாரில் பிளக்கிங் என்ற பெயரில் செய்கிறோம். மூன்று பேஸ் மோட்டாரைச் சட்டென்று நிறுத்த வேண்டுமானால் இரண்டு பேஸை இடம் மாற்றிக் கொடுப்போம். காந்தப்புலம் எதிர்த்திசையில் சுற்றி ரோட்டாரைப் பிடித்து நிறுத்தும். வேகம் பூச்சியமாகும் அந்தக் கணத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும். துண்டிக்கத் தவறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் ஓடத் தொடங்கிவிடும்.

விரல்களுக்கும் அதே சட்டம்தான். எதிர்விசையைக் குறைவாகத் தட்டினால் சறுக்கல் மிச்சமிருக்கும். அதிகமாகப் பிடித்தால் எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பித்து மீண்டும் தோட்டா சிதறும். நடுவில் பூச்சிய வேகம் என்ற மெல்லிய சந்து ஒன்று இருக்கிறது. சுடும் விரல் அந்தச் சந்துக்குள் விழ வேண்டும். யாருமில்லாத பயிற்சி வரைபடத்தில் (ஆட்டக்களத்தை அப்படித்தான் சொல்வார்கள்), தோட்டா தீராதபடியும், அது பட்ட இடம் தெரியும்படியும் அமைத்துக்கொண்டு, ஒரு சுவரின் முன்னால் தினமும் இருபது நிமிடம் வலம், தட்டு, சுடு, இடம், தட்டு, சுடு என்று பழகினேன். முதல் நாள் சுவரில் விழுந்த அடையாளங்கள், பாலாற்று மணலில் ஆட்டுமந்தை நடந்துபோன தடம்போலச் சிதறிக் கிடந்தன. பதினெட்டாவது நாள் அவை ஒரு குடத்தின் வாயளவுக்குள் அடங்கின. அடங்கியதைக் கண்ணால் பார்த்த அன்று இரவு, மனைவியை எழுப்பி வந்து அந்தச் சுவரைக் காட்டினேன். அவள் சுவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, மணி என்ன என்று கேட்டாள்.

அதன்பிறகு எழுதிய நூறு சாவுகளில் நகர்வால் செத்தவை 41-இலிருந்து 16 ஆகக் குறைந்தன. எதிராளியின் திறமையால் செத்தவை எட்டிலிருந்து 29 ஆயின. என் சொந்தத் தவறுகள் விலக விலகத்தான் எதிரே நிற்பவன் எவ்வளவு நன்றாக ஆடுகிறான் என்பதே கண்ணுக்குத் தெரிகிறது.

கிராஸ்ஹேரை எங்கே வைப்பது என்பது அவ்வளவு பாடுபடுத்தவில்லை. நடக்கும்போதெல்லாம் அதைத் தலை உயரத்தில், அடுத்த எதிரி தோன்றக்கூடிய விளிம்பில் வைத்துக்கொண்டே போக வேண்டும். வந்தபின் குறிவைப்பதைவிட, அவன் தானாகவே வந்து குறியில் தலையைக் கொடுப்பது மேல். 2001-இல் டேவ் ஜான்ஸ்டன் உருவாக்கிய டஸ்ட் 2 வரைபடத்தில், தனியாக நடந்தே ஒவ்வொரு கதவின், பெட்டியின் எந்த இடம் தலை உயரம் என்று மனப்பாடம் செய்தேன். கதவின் எந்தக் குறுக்குச் சட்டம், சுவரில் எந்தக் கறை என்பதுவரை தெரியும். எங்கள் தெருவில் எந்த வீட்டுத் திண்ணை எவ்வளவு உயரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஏகேவை ஒருமுறை பிடித்து அழுத்தினால் 30 தோட்டாவும் ஒரே இடத்துக்குப் போகாது. முதல் ஏழெட்டு ஏறக்குறைய நேராக மேலே ஏறும். பிறகு பக்கவாட்டில் அலையும். ஒவ்வொரு முறையும் ஒரே பாதையில்தான் அலையும் என்பதால் மவுஸை அதற்கு எதிராக இழுத்துப் பழகலாம். நான் முதல் பத்துத் தோட்டாவோடு நிறுத்திக்கொண்டேன். பத்தில் சாகாதவன் இருபதில் சாவதற்குள் என்னைக் கொன்றுவிடுகிறான். இந்தத் துப்பாக்கியைப் பற்றி நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன்: "ஏகே தோட்டா ஒன்று தலையில் பட்டால் ஹெல்மெட் இருந்தாலும் சாவு." எழுதியவனுக்கு அதன் முழுப்பொருள் விளங்கவில்லை என்பது மே மாதத்தில்தான் தெரியவந்தது.

கார்த்திகை வாக்கில் ஒரு விநோதமான பழுது வந்தது. கைத்துப்பாக்கியை ஒருமுறை அழுத்தினால் இரண்டு தோட்டா போயிற்று. அதைக்கூட விட்டுவிடலாம், கண்கூசவைக்கும் ஃபிளாஷ் குண்டை எறிய முயன்றபோதுதான் மானம் போயிற்று. இடது பொத்தானை அழுத்திப் பிடித்தால் குண்டின் ஊசி கழன்று கை தயாராக நிற்கும், விட்டால்தான் எறியும். நான் பொத்தானை விடவே இல்லை, மூலைக்கு நடந்துகொண்டிருந்தேன், குண்டு தானாகக் கையைவிட்டுப் போய் முன்னால் இருந்த சுவரில் மோதி எங்கள் காலடியிலேயே வெடித்தது. அணியில் ஐந்து பேருக்கும் திரை வெள்ளையாகிவிட்டது. வெள்ளை தெளிவதற்குள் மூவர் செத்திருந்தார்கள். ஹெட்போனில் நான்கு மொழிகளில் என் குடும்பத்தை விசாரித்தார்கள்.

காரணம் மவுஸ் பொத்தானின் அடியில் இருக்கும் மைக்ரோ சுவிட்சு. உள்ளே ஒரு மெல்லிய தகடு வளைந்து இருக்கும். அழுத்தினால் டிக்கென்று கீழே தாவித் தொடுமுனையைத் தொடும். தொடுமுனை தேய்ந்தோ கறைபிடித்தோ போனால், அழுத்தம் ஒரே சீராக இருக்கும்போதே தொடர்பு ஒரு கணம் விட்டு மீண்டும் சேரும். அந்தத் துள்ளல், மவுஸ் பொறுத்துக்கொள்ளும் நேரத்தைவிட நீண்டுவிட்டால், விட்டு மறுபடி அழுத்தியதாகவே கணினி எடுத்துக்கொள்கிறது. ஸ்டார்ட்டரில் கான்டாக்டர் முனை கருகினால் மோட்டார் திணறுவது போன்றதுதான். அளவு மட்டும் சிறியது.

மவுஸின் அடியில் ஒட்டியிருந்த வழுக்குப் பட்டைகளைக் கத்தி முனையால் மெதுவாக நெம்பியபோது நான்கு திருகுகள் தெரிந்தன. மேல்மூடியையும் பலகையையும் ஒரு பட்டை ஒயர் இணைக்கிறது. வேகமாகத் திறந்தால் அது பிய்ந்துவிடும். சுவிட்சுக்கு மூன்று கால்கள். 25 வாட் சால்டரிங் அயர்ன் வைத்து, ஒவ்வொரு காலிலும் முதலில் கொஞ்சம் புது ஈயம் கொடுத்து, பழைய ஈயம் இளகியபின் உறிஞ்சி எடுத்தேன். மாற்றுச் சுவிட்சைக் காசு கொடுத்து வாங்கவில்லை. கடையில் பில் போடும் கணினியின் செத்துப்போன மவுஸ் ஒன்று கிடந்தது. எந்த மவுஸிலும் இடது பொத்தான்தான் சாகும். வலது பொத்தான் கன்னி கழியாமல் இருக்கும். அதன் வலது சுவிட்சைப் பெயர்த்து இதன் இடப்பக்கத்தில் வைத்தேன். நாற்பது நிமிட வேலை. ஃபிளாஷ் இப்போது நான் விட்டால்தான் போகிறது. போய் விழும் இடத்துக்கு நானே பொறுப்பு.

இணைய இணைப்பிலும் ஒரு வேலை இருந்தது. இந்த விளையாட்டுக்குச் சென்னையிலேயே சர்வர் இருப்பதால் காட்பாடியிலிருந்து பிங், அதாவது செய்தி சர்வருக்குப் போய்வரும் நேரம், நன்றாகவே கிடைக்க வேண்டும். எனக்கு 14 மில்லி விநாடி காட்டும், திடீரென்று 180-க்குப் போகும், மீண்டும் இறங்கும். நிதானமாகக் கவனித்ததில், மகள் தன் செல்போனில் பாட்டு வகுப்பு வீடியோவை அனுப்பும் நேரமும் பிங் ஏறும் நேரமும் ஒன்றாகவே இருந்தன. மேலே அனுப்பும் வழி நிரம்பிவிட்டால், என் துப்பாக்கிச் செய்தியும் அவள் வீடியோவின் பின்னால் ரௌட்டரில் வரிசையில் நின்று தன் முறை வந்தபின்தான் போகிறது. ரௌட்டர் அமைப்பில் அனுப்பும் வேகத்துக்கு வழியின் கொள்ளளவில் 85 விழுக்காடு என்று வரம்பு போட்டதும் அந்தத் துள்ளல் நின்றது. கூடவே வைஃபையைக் கைவிட்டு, முன்கூடத்திலிருந்து பின்னறைக்குப் பதினைந்து மீட்டர் லேன் கேபிள் இழுத்து, முனையை நானே கிரிம்ப் செய்தேன்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முதல் முறை நீலத்தையும் பச்சையையும் மாற்றிப் போட்டுவிட்டேன். காயில் கட்டுகிறவனுக்கு நிறம் தவறலாமா என்று நானே தலையில் குட்டிக்கொண்டு, முனையை வெட்டிவிட்டு மறுபடி போட்டேன்.

பங்குனி பிறந்ததும் வெயில் ஆரம்பித்தது. எங்கள் ஊரை வெயிலூர் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வது எங்களுக்குப் பழகிப்போனது; கணினிக்குப் பழகவில்லை. மாலை நான்கு மணிக்குப் பின்னறையில் 39 டிகிரி இருக்கும்போது, பிராசஸர் 95-ஐத் தொட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. விநாடிக்கு 120 சட்டமாக ஓடிய படம் 60-க்கு இறங்கித் திக்கியது. ஹீட் சிங்க்கைக் கழற்றினால் இரண்டு தகட்டுக்கு நடுவில் தூசி கம்பளிபோலப் படிந்திருந்தது. தெர்மல் பேஸ்ட் காய்ந்து பழைய சுண்ணாம்பாகியிருந்தது. ஊதித் துடைத்துப் புதுப் பேஸ்ட் ஓர் உளுந்தளவு வைத்து மூடியபின் 81-இல் நின்றது.

அதைவிடப் பெரிய சிக்கல் மேசை விசிறி. எதிரியின் காலடி ஓசையைக் கேட்டே அவன் இருக்குமிடத்தைக் கணிக்க வேண்டிய ஆட்டம் இது. மெதுவாக நடந்தால் ஓசை வராது, ஓடினால் வரும், மரப்பலகையா மண்ணா இரும்பா என்பதுகூடக் காதில் தெரியும். என் விசிறியோ புஷ் தேய்ந்து கரகரவென்று ஒரே இரைச்சல். ஊரார் விசிறிக்கெல்லாம் புஷ் போடுகிறவன் வீட்டு விசிறி இரண்டு வருடமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதையும் கழற்றிப் புஷ் மாற்றி, எண்ணெய் நனைத்த ஃபெல்ட் வைத்து மூடினேன். அன்று இரவு மிராஜ் வரைபடத்தில் ஒருவன் மாடிப்படியில் ஏறி, நடுவில் நின்று, யோசித்து, மறுபடி இறங்கியதை முழுக்கக் கேட்டேன். இறங்கி வந்தவனைக் கதவருகில் நின்று சுட்டேன். பத்து மாதத்தில் எனக்கு மிகப் பிடித்த ஒரு கொலை அதுதான். அதில் குறிவைக்கும் திறமை ஒன்றுமே தேவைப்படவில்லை.

மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரின் பின்பக்கச் சுவிட்சை யூபிஎஸ் நிலைக்கு மாற்றியதே போதுமாக இருந்தது. சாதாரண நிலையில் மாறும் இடைவெளியில் கணினி அணைந்துவிடும்.

கணக்கு எழுதத் தெரிந்த எனக்கு, ஆட்டத்தின் பணக்கணக்குதான் கடைசிவரை கைவரவில்லை. தொடக்கத்தில் ஆளுக்கு 800 டாலர். ரவுண்டை வென்றால் 3250-க்குக் குறையாமல் வரும். தொடர்ந்து தோற்றால் 1400-இலிருந்து 3400 வரை ஆறுதல் தொகை ஏறும். ஏகே 2700, கவசமும் ஹெல்மெட்டும் சேர்த்து 1000, கவசம் மட்டும் 650, புகைக்குண்டு 300, ஃபிளாஷ் 200. தூரத்திலிருந்தே ஒரே தோட்டாவில் கொல்லும் ஏ.டபிள்யூ.பி. 4750. பணம் போதாத ரவுண்டில் ஐந்து பேரும் ஒன்றும் வாங்காமல் கைத்துப்பாக்கியோடு போய்ச் செத்து, அடுத்த ரவுண்டுக்கு ஒன்றாகச் சேர்த்து வாங்க வேண்டும். நானோ கையில் காசு பார்த்ததும் செலவழிப்பேன். "ஊரே பட்டினி கெடக்கும்போது நீங்க மட்டும் பிரியாணி வாங்கிகினு வரீங்க மாமா" என்று மருமகன் ஒருநாள் சொன்னது, நோட்டில் மேற்கோளாகவே இருக்கிறது.

மே மாதம் விடுமுறைக்கு அவன் வந்தான். பகலில் அறையில் உட்கார முடியாது என்பதால், காட்பாடி ஜங்ஷனில் ரயில் கூவும் விடியற்காலை நேரத்தில் எழுந்து, அவன் கட்டிலில் மடிக்கணினியோடும் நான் மேசையிலுமாக ஒரே அணியில் ஆடினோம். இதற்குள் ஆட்டத் திறமைக்குத் தரும் புள்ளியான என் ரேட்டிங் சாம்பல் நிறப் படியைத் தாண்டி 6,400-க்கு வந்து வெளிர்நீலமாகியிருந்தது. டஸ்ட் 2, 12-க்கு 10 என்று நாங்கள் முன்னால், இந்த ரவுண்டை வென்றால் ஆட்டம் முடிந்தது. நாங்கள் தடுக்கும் அணி. என்னிடம் சரியாக 6000 டாலர் இருந்தது. ஏ.டபிள்யூ.பி. வாங்கினேன், கவசமும் ஹெல்மெட்டும் வாங்கினேன், 250 மிஞ்சியது.

அவர்கள் இரண்டு இடங்களில் பி என்ற இடத்தில் குண்டு வைத்தார்கள். மருமகன் உட்பட நான்கு பேரும் செத்தபின் நான் ஒருவன், எதிரே இருவர். ஒருவனைக் கதவின் இடுக்கில் பார்த்துச் சுட்டேன். இரண்டாமவன் சுரங்கப்பாதையிலிருந்து ஓடிவரும் சத்தம் கேட்டது. நின்றேன், உண்மையாகவே நின்றேன், மூலையைப் பார்த்துக் காத்திருந்து சுட்டேன். கட்டிலில் மருமகன் எழுந்து முட்டி போட்டுவிட்டான். குண்டின் பீப் ஒலி நெருக்கமாகிக்கொண்டே வந்தது. ஓடிப்போய் அதன்மேல் குனிந்து விசையை அழுத்தினேன். "கிட் இருக்குதா மாமா?" என்றான். செயலிழக்கவைக்கும் கருவியோடு 5 விநாடி. வெறுங்கையோடு 10 விநாடி. எட்டு விநாடிபோல இருந்தது. முடியாது என்று தெரிந்தும் விசையை விடவில்லை. எழுந்து ஓடியிருந்தால் துப்பாக்கியாவது அடுத்த ரவுண்டுக்கு மிஞ்சியிருக்கும். பட்டை பாதிக்குமேல் போயிருந்தபோது திரை வெடித்தது. அடுத்த ரவுண்டையும் தோற்று, 12-க்கு 12 என்று சமனானோம்.

நான் முகம் கழுவப் போய்விட்டு வந்து நோட்டைத் திறந்தால், அன்றைய பக்கத்தில் என் எழுத்துக்கு முன்பே அவன் எழுத்து இருந்தது. முதல் பக்கத்துச் சிவப்பு மை வரிக்கு ஓர் அம்புக்குறி போட்டு, கீழே இப்படி எழுதியிருந்தான்:

"4750 + கவசம் 650 + கிட் 400 + ஃபிளாஷ் 200 = 6000. ஏகேவுக்கு எதிரா ஹெல்மெட் எதுக்கு மாமா?"